எழுபதாம் ஆண்டு ரெட்ரோ கிரில் வாங்கலாமா? சேகரிப்பவர்கள் சொல்வதும் திருகோணமலையில் நாம் பார்க்க வேண்டியதும்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் போடுவார். பச்சையோ மஞ்சளோ, பளபளவென்று ஒரு உருண்டைக் கரி கிரில், மரம் போல ஒரு கைப்பிடி. "மருமகன், இது வெபர் கம்பெனிக் கிரிலின் எழுபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பாம், இங்க ஒருத்தர் பாவிக்காமலே வச்சு விக்கிறார், சாமானோட சேர்த்துப் போட்டு விடவோ?" என்று கேட்பார். தேடிப் பார்த்தால் சேகரிப்பவர்களில் ஒரு பகுதியினர் அதைத் தலையில் தூக்கி வைத்திருப்பார்கள், இன்னொரு பகுதியினர் சாதாரணக் கிரிலுக்கு நிறத்தை மாற்றி விற்கிறார்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் பல வருடம் கிரில் சேர்த்தவர்கள்தான், இரண்டு பக்கமும் காரணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேச்சில் பெரும்பாலும் வராத ஒரு விஷயம் நமக்குத்தான் முக்கியம்: உப்புக் காற்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவிக்கப் போகிறீர்கள் என்றால், விலையும் நியாயமாக இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்து விலை ஏறும் என்று காத்திருக்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம், அதுவும் உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாப் பக்கம் வீடென்றால் வேண்டவே வேண்டாம். ஏன் என்று கீழே விளக்கமாக எழுதுகிறேன், கூடவே எதை எப்படிப் பார்த்து வாங்குவது, வந்த பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்பதையும்.

அசல் எது, இந்தப் பதிப்பு எது

1952இல் சிக்காகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் இருந்த ஜோர்ஜ் ஸ்டீவன் என்பவர்தான் இந்த உருண்டைக் கிரிலைச் செய்தார். அந்தப் பட்டறை மிதவைகளுக்கான உலோக உருண்டைகளையும் செய்து வந்தது, நம் துறைமுகத்தில் கப்பல் வழியைக் காட்டி மிதக்கின்றனவே, அந்த இனத்தைச் சேர்ந்தவை. திறந்த செங்கல் அடுப்பில் இறைச்சி சுடும்போது காற்றடித்தால் சாம்பல் பறக்கும், கொழுப்பு ஒழுகினால் தீ குப்பென்று மேலே பாயும். அவர் உருண்டையின் ஒரு பாதியைச் சட்டியாக வைத்து, மற்றப் பாதியை மூடியாகப் போட்டு, அடியில் மூன்று கால் பூட்டினார். மூடினால் தீ அணைந்து போகுமே என்பதற்காகத்தான் மேலும் கீழும் காற்றுத் துவாரம். இன்று வரை அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை, மாறத் தேவையும் வரவில்லை.

அதன் எழுபதாம் ஆண்டுக்காக 2022இல் வந்ததுதான் மாமா அனுப்பின படத்தில் இருப்பது. 22 அங்குலம், அதாவது 57 சென்ரிமீற்றர் வகை. நாலு நிறம்: ராக் அண்ட் ரோல் நீலம், டைனர் பச்சை, ஹாலிவுட் சாம்பல், ஹாட் ராட் மஞ்சள். 1950களின் அமெரிக்கக் கார்களையும் சாப்பாட்டுக் கடைகளையும் நினைத்து வைத்த பெயர்கள். கைப்பிடி மரம் போலத் தெரியும், ஆனால் நைலோன். 2022 என்றால் நம் ஊரில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, கிடைக்காமல் விறகும் சிரட்டைக்கரியும் எரித்த வருடம். பிறகு காஸ் வந்தும் கரியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு, இப்படியான கிரில் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பலர் அவர்கள்தான்.

யார் என்ன சொல்கிறார்கள், அதில் எதை எடுப்பது

பழைய கிரில் சேர்ப்பவர்களின் குறை மூன்று. கைப்பிடி மரமில்லை என்பது முதலாவது, பழையவற்றில் உண்மையான மரம் இருந்தது, கையில் பிடித்தாலே தெரியும். இரண்டாவது, மூடியில் வெப்பமானி பொருத்துவது இந்தக் காலப் பழக்கம், 50களின் கிரிலில் அது கிடையாது, ஆகவே ரெட்ரோ, அதாவது பழைய பாணி, என்று சொல்லிக்கொண்டு மூடியில் ஓட்டை போடுவது பொருந்தாது என்கிறார்கள். மூன்றாவதுதான் கனமானது: லிமிடெட் எடிஷன், அதாவது குறைந்த எண்ணிக்கையில் செய்தது, என்று சொன்னாலும் வாங்கினவர்களில் நிறையப் பேர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அப்படியானால் அது எப்போது அரிதாகப் போகிறது?

இந்த மூன்றாவது பேச்சு முழுக்கச் சரி. பழைய நிறக் கிரில்களுக்கு, அந்தச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பச்சைக்கும், இன்று ஆளாளுக்கு அடிபடுகிறார்கள் என்றால் காரணம், அந்தக் காலத்தில் அதை ஒருவரும் சேகரிப்புப் பொருளாக நினைக்கவில்லை. வாங்கினார்கள், வருடக் கணக்கில் சுட்டார்கள், மழையில் விட்டார்கள், கால் உடைந்ததும் எறிந்தார்கள். மிஞ்சினது கொஞ்சம், அதனால்தான் விலை. எல்லோரும் பெட்டியோடு பொத்திப் பொத்தி வைக்கிற பொருளுக்கு அந்த வழியே அடைபட்டுப் போகிறது. பழைய தபால்தலை, ஞாபகார்த்த நாணயம் சேர்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

முதல் குறையை, கைப்பிடியை, நான் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. நைலோன் கைப்பிடியில் கண்ணாடி இழை கலந்து செய்கிறார்கள், மழைக்கும் கறையானுக்கும் அது மரத்தைவிட நன்றாக நிற்கும். நேரடித் தீ பட்டால் உருகும், நம் வெயிலில் வருடக் கணக்கில் கிடந்தால் வெளிறும், அவ்வளவுதான். வெப்பமானி விஷயத்தில் அவர்கள் சொல்கிற காரணம் வேறு, எனக்கு அதில் இருக்கிற அக்கறை வேறு. எனாமல் பூசின தகட்டில் ஓட்டை இருக்கிற இடமெல்லாம் உப்பு நுழைய வழி, அதைக் கீழே பார்ப்போம். அந்த வெப்பமானி காட்டுவதும் மூடிக்குள் இருக்கிற காற்றின் சூட்டைத்தான், கம்பித்தட்டில் மீன் கிடக்கிற இடத்தின் சூட்டை இல்லை.

அடுத்தவர்கள் நிறத்துக்காக வாங்குகிறவர்கள். கறுப்பையே பார்த்துப் பார்த்து அலுத்துப் போய், முற்றத்தில் ஒரு மஞ்சள் கிரில் நின்றால் வடிவு என்று வாங்கிச் சுடுகிறார்கள். இவர்களைப் பழைய ஆட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் காலத்தில் நிறக் கிரில் வாங்கினவர்களும் இதே காரணத்துக்காகத்தானே வாங்கினார்கள். அடிக்கடி சுடுகிறவர் சொல்கிற குறை நிறை எனக்குப் பெட்டி பிரிக்காதவரின் நூறு வார்த்தையைவிடப் பெறுமதி.

அப்புறம் பெட்டி பிரிக்காதவர்கள். இவர்கள் பேச்சை வாசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வையுங்கள்: இவர் கையில் விற்கிறதுக்கு ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது கருத்தில்லை, விளம்பரம். விலை ஏறும் என்று சொல்கிறவர் எத்தனை செய்தார்கள் என்ற எண்ணைச் சொல்கிறாரா, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணைச் சொல்லாமல் லிமிடெட் என்று மட்டும் சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சமையல்காரர்கள். இவர்களுக்கு ஆண்டும் தெரியாது, நிறமும் வேண்டாம். சட்டியின் அளவும் மூடியின் வளைவும் காற்றோட்டமும் அதே கறுப்புக் கிரில்தானே, மீன் வேகிறதில் ஒரு வித்தியாசமும் வராது என்பார்கள். அது உண்மை. நிறத்துக்காகக் கொடுக்கிற காசு கண்ணுக்கு மட்டும்தான் என்பதை ஒப்புக்கொண்டு கொடுங்கள், அப்போது பிறகு மனம் வலிக்காது.

இன்னொன்று. குளிர்நாட்டுக் கராஜுக்குள் பூட்டி வைத்திருக்கிறவர் "பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதைக் கொண்டு வந்து கோணேசர் கோயிலடிக் காற்றில் வைத்துப் பார்க்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் ஊர் வேறு.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

நீங்களே பார்த்தாலும், மாமாவை வீடியோ கோலில் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தாலும், அவசரப்படாதீர்கள். இந்தக் கிரிலின் உயிர் எனாமலில் இருக்கிறது. எனாமல் என்பது பெயின்ட் இல்லை. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் படியவைத்து 800 பாகை செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டு உருக்கி ஒட்டவைக்கிறார்கள், ஆகவே தகட்டின் மேல் இருப்பது உண்மையான கண்ணாடி. துருப்பிடிக்காது, வெயிலில் வெளிறாது, தீயில் கருகாது. ஆனால் அடி பட்டால் தெறிக்கும். தெறித்த இடத்தில் வெறும் இரும்பு நிற்கும், அங்கேதான் உப்பு உட்காரும்.

கைபேசி லைட்டைப் போட்டு மூடியின் மேல் நேராக அடிக்காமல், தகட்டோடு ஒட்டினபடி சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் பளபளப்புத்தான் தெரியும், சாய்வாக அடித்தால் மயிர் போன்ற வெடிப்பும் சிறு குழியும் நிழலோடு எழும்பித் தெரியும். மூடியின் விளிம்பு முழுவதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தடக்கின இடத்தில் நில்லுங்கள். விளிம்புதான் அதிகம் தெறிக்கிற இடம், மூடியைக் கழற்றி நிலத்தில் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அடிபடுவது அதுதான். பிறகு ஆணி போகிற ஓட்டைகள், கைப்பிடி பூட்டின இடம், கால் செருகுகிற குழாய், வெப்பமானி ஓட்டை. நிறத் தகட்டில் ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய மண்ணிற வளையம் இருந்தால் அடியில் துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு புள்ளி இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். ஓட்டையைச் சுற்றி முழு வளையமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

உள்ளே செதில் செதிலாகக் கறுப்பாக உரிவதைக் காட்டி "எனாமல் கழருது" என்று விற்கிறவரே பயந்துபோய் விலையைக் குறைப்பதுண்டு. அது பெரும்பாலும் எனாமல் இல்லை, எண்ணெயும் புகையும் படிந்து காய்ந்த கரி. ஒரு துண்டைப் பெயர்த்து விரலில் நசுக்கினால் தூளாகும், அடியில் மினுக்கம் தெரியும். அப்படியானதைத் தாராளமாக வாங்கலாம்.

பழைய கிரிலுக்கு மேலே நிறம் அடித்து ரெட்ரோ என்று விற்பதும் நடக்கிறது. கண்டுபிடிக்கலாம். கம்பெனியில் எனாமல் செய்தது உள்பக்கமும் மினுங்கும், அடித்த பெயின்ட் வெளியே மட்டும் இருக்கும், ஆணித் தலையிலும், துவாரத்தை மூடித் திறக்கிற காற்றுக் கதவின் ஓரத்திலும் சிந்தியிருக்கும். விற்கிறவரிடம் கேட்டுவிட்டு, கண்ணில் படாத ஓரத்தில் திறப்பின் நுனியால் மெல்லக் கீறிப் பாருங்கள், பெயின்ட் என்றால் சுரண்டி வரும், எனாமல் என்றால் திறப்பின் உலோகம்தான் கோடாக ஒட்டும், துடைத்தால் போய்விடும். பவுடர் கோட்டிங் அடித்து வருவதும் உண்டு, தோட்டத்துக் கதிரைக்கு அது நல்ல சாமான், கரித்தீ எரிகிற மூடிக்கு நிற்காது. நம் ஊர்ப் பட்டறைகளில் எனாமல் திரும்பப் போட முடியாது, அதற்கு அந்தச் சூளை வேண்டும், ஆகவே எனாமல் போனது போனதுதான் என்று நினைத்தே விலை பேசுங்கள்.

ஒரு காந்தம் கொண்டு போங்கள். காலில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, முலாம் போட்டிருந்தாலும் நம் காற்றில் ஒரு நாள் துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பழைய கிரில்களில் அப்படித்தான் இருந்தது. மூடியைச் சட்டியில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் ஆடி இன்னொரு இடத்தில் இறுகினால் சட்டி நெளிந்திருக்கிறது, கால்கள் சட்டிக்குள் செருகுகிற இடத்தில் உதை பட்டால் அப்படி வரும். இருட்டான இடத்தில் கைபேசியை லைட்டோடு சட்டிக்குள் வைத்து மூடினால் எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரியும். கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லை, எல்லா உருண்டைக் கிரிலிலும் கொஞ்சம் ஒழுகும், ஒரே பக்கம் வாய் பிளந்து நின்றால்தான் பிரச்சினை.

வயது சந்தேகமென்றால் மூடியின் மேல் இருக்கிற காற்றுக் கதவுத் தகட்டைப் பாருங்கள், வெபரில் 1979 முதல் அங்கே எழுத்துக் குறியீடு அடித்து வந்தார்கள், அதைவைத்துச் சேகரிப்பவர்கள் வருடம் சொல்கிறார்கள். தகட்டை யாரும் மாற்றியிருக்கலாம், ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். அடியில் தனித்தனியாக மூன்று துவாரம், மூன்று கதவு என்றால் பழைய அமைப்பு, ஒரே பிடியில் மூன்றையும் திருப்பிச் சாம்பலையும் கூட்டித் தள்ளுவதென்றால் பிந்தி வந்தது.

விலையும் அனுப்புவதும்

அதே வருடம், அதே அளவு, கறுப்புக் கிரில் அந்த நாட்டில் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அதற்கு மேல் கேட்கிறதெல்லாம் நிறத்தின் விலை. அந்த மிச்சத்தை மட்டும் தனியாக எடுத்து, இது எனக்குப் பெறுமதியா என்று யோசியுங்கள், முழு விலையையும் பார்த்துக் குழம்பாதீர்கள். உத்தரவாதத்தைச் சொல்லி விலை கூட்டினால் அட்டையை வாசிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் முதல் வாங்கினவருக்கும் வாங்கின நாட்டுக்கும் மட்டும் என்றுதான் எழுதியிருக்கும்.

அனுப்பும்போது கால்களைக் கழற்றிச் சட்டிக்குள் போடாமல் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், சட்டிக்குள் உருண்டால் எனாமல் தெறித்துவிடும். சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் துவாய், போர்வை, பிள்ளைகளுக்கு அனுப்புகிற உடுப்பு, எது வருகிறதோ அதைத் திணிக்கலாம், எப்படியும் பெட்டியில் அதுவும் வரத்தானே போகிறது. அதைவிட முக்கியம், அதே பெட்டியில் உதிரிப்பாகமும் வரவேண்டும்: ஸ்டெயின்லெஸ் கம்பித்தட்டு ஒன்று, கரி போடுகிற அடித்தட்டு ஒன்று, சாம்பல் கூட்டுகிற தகடு ஒரு செட். இவை 22 அங்குலக் கறுப்புக் கிரிலுக்கான பாகம்தான், இந்தப் பதிப்புக்கும் சேரும், ஆனால் கொழும்பிலேயே தேடி அலைய வேண்டும், திருகோணமலையில் கேட்டால் கையை விரிப்பார்கள்.

இங்கே வந்த பிறகு

பூட்டும்போதே கூட வந்த ஆணி, நட்டுகளை எடுத்து வைத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஆணியாகப் போடுங்கள். படகு திருத்துகிற இடங்களில் 316 தரம் கேட்டுப் பாருங்கள், கடல் தண்ணீருக்கென்றே உள்ள தரம் அது, 304 கிடைத்தாலும் சமாளிக்கலாம். ஒவ்வொரு ஆணியின் அடியிலும் சிலிகோன் வாஷர் ஒன்று போட்டால் எனாமல் நசுங்கித் தெறிக்காது, ஆனால் தீ படாத இடத்தில், அதாவது கைப்பிடிப் பக்கத்தில் மட்டும். இறுக்கும்போது ஆணி நின்றவுடன் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஒரு சுற்று என்று முறுக்கினால் ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி உடையும், அந்தச் சத்தம் கூடக் கேட்கும்.

கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டால் வீட்டுக்கு வந்து, முழுக்க ஆறின பிறகு, நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். ஆறின பிறகு என்பதைக் கவனியுங்கள். சூடான எனாமலில் குளிர் தண்ணீர் பட்டால் தகடும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது, மயிர் வெடிப்பு விழும். தீயை அணைக்கத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் நமக்கு விறகடுப்பில் இருந்து வந்தது, இந்தக் கிரிலில் மேலும் கீழும் காற்றுக் கதவை மூடினால் போதும், கரி தானாக அணையும், மிச்சக் கரி அடுத்த நாளுக்கும் ஆகும்.

சாம்பலை ஒரு இரவுக்கு மேல் விடாதீர்கள். சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஈரமான சாம்பல் காரம், அது அடித்தட்டையும் ஆணியையும் அரித்துத் தின்னும். வாடைக்காற்று மாதங்களில், ஐப்பசியில் இருந்து தை வரை மழையும் ஈரமும் நிற்கிற காலத்தில், ஒரு கிழமை விட்டாலே அடியில் களி போல இறுகிவிடும்.

மூடுகிற உறை பற்றி: பிளாஸ்டிக் உறை போட்டு வெளியில் விட்டால் உள்ளே வியர்க்கும், உப்பும் ஈரமும் உள்ளேயே நிற்கும், உறை போடாததைவிடக் கேடு. கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில், மூடியைக் கொஞ்சம் சரித்து வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஆணித் தலைகளிலும் கம்பித்தட்டிலும் தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசி வையுங்கள். எங்காவது தெறித்துவிட்டால் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, சூடு தாங்குகிற கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அந்தப் புள்ளியில் மட்டும் தொடுங்கள். நிறம் பொருந்தாது, பரவாயில்லை, துரு நிற்பதுதான் முக்கியம். உள்பக்கம், சாப்பாட்டுக்கு நேரே இருக்கிற இடத்தில் அதை அடிக்க வேண்டாம், எண்ணெய் தடவிச் சூடாக்கிவிட்டால் போதும்.

கரி என்றால் நமக்குச் சிரட்டைக்கரிதான் மலிவு, சூடும் அதிகம். ஆனால் துண்டு மெல்லியதாகவும் சிறியதாகவும் இருக்கும், கிரிலின் அடித்தட்டுக் கம்பிகளுக்கு நடுவால் பாதி விழுந்துவிடும், விழுந்தது கீழ்த் துவாரத்தை அடைத்தால் தீ மூச்சு முட்டும். அடித்தட்டின் மேல் இன்னொரு பழைய அடித்தட்டைக் குறுக்காகப் போடுங்கள், அல்லது துத்தநாகம் பூசாத கம்பி வலை ஒன்றை வெட்டிப் போடுங்கள். நாகம் பூசின வலை சூட்டில் கெட்ட புகை விடும், அது வேண்டாம். எரிய எரிய வேகமாகக் குறைவதால் பெரிய பாரையோ விளைமீனோ முழுதாகப் போட்டால் நடுவில் ஒரு கை கரி சேர்க்க வேண்டி வரும், கரியை ஒரு பக்கம் குவித்து மீனை மறுபக்கம் வைத்தால் மூடியைத் திறக்காமலே கனநேரம் ஓடும்.

கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் பின்னேரம் திறந்த அடுப்பு வைத்தால் பொறி பறக்கும், கிடுகு வேலி, ஓலைக் கொட்டில் இருக்கிற இடத்தில் அது விளையாட்டில்லை. மூடி போட்ட கிரிலின் அருமை அப்போதுதான் விளங்கும். மூடியின் துவாரத்தைக் காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், கீழ்த் துவாரத்தைக் கால்வாசி மட்டும் திறவுங்கள், கீழே ஒரு செங்கல் வரிசை காற்றை மறைத்தால் இன்னும் நல்லது.

இந்தப் பதிப்புக் கிடைக்காவிட்டால், அல்லது வேண்டாமென்றால்

கைப்பிடி உடைந்த, ஆனால் எனாமல் நல்லாயிருக்கிற பழைய கிரில் ஒன்று கண்ணில் பட்டால் நான் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். கைப்பிடியைச் செய்ய நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். பாலை, முதிரை மாதிரி இறுகின மரத் துண்டு தச்சர்களிடம் மிச்சமாகக் கிடக்கும், பழைய கைப்பிடியைக் காட்டி "ஐயா, இதே அளவில் கடைந்து தாங்கோ" என்றால் போதும். ஆணி போகிற ஓட்டை மட்டும் சரியான தூரத்தில் விழவேண்டும், அதற்குக் கிரிலையே கொண்டு போங்கள், அளவு எழுதிக் கொடுத்தால் பிசகும். வார்னிஷ் வேண்டாம், சூட்டில் கொப்பளிக்கும், எண்ணெய் மட்டும் ஊறவிடுங்கள். நைலோன் கைப்பிடியோடு வந்த எழுபதாம் ஆண்டுப் பதிப்புக்கும் இதைச் செய்யலாம், கம்பெனிக் கைப்பிடியை எறியாமல் எடுத்து வைத்தால், பிறகு விற்கிறதென்றால் திரும்பப் பூட்டிக் கொடுக்கலாம்.

துருவே வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி, பிகே கிரில். அதுவும் 1950களில் பிறந்ததுதான், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் ஊரில் ஹில்டன் மீக்ஸ் என்பவர் வடிவமைத்தது, தடித்த வார்ப்பு அலுமினியம். பழைய வடிவத்திலேயே இப்போதும் செய்கிறார்கள், ரெட்ரோ என்று தனியாகப் பெயர் வைக்கத் தேவையில்லாத ரெட்ரோ. கடலோரத்துக்கு என் கணக்கில் இதுதான் பொருத்தம், எனாமல் இல்லை, தெறிக்க ஒன்றுமில்லை, நீளச் சதுர வடிவென்பதால் சீலா மாதிரி நீட்டு மீனும் வசதியாகக் கிடக்கும். கனமும் விலையும் கூட, கடல்வழி அனுப்புகிற செலவும் அதற்கேற்ப ஏறும். அலுமினியம் துருப்பிடிக்காதே என்று சாம்பலை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள், ஈரச் சாம்பலின் காரம் அலுமினியத்தை இரும்பைவிட வேகமாகக் குழி விழுத்தும்.